ஞாயித்துக்கிழமை ஆணி – 17: எல்லாப் பொட்டியிலும் ஓடும்

போன ஞாயித்துக்கிழமை ஏன் ஆணி வரலைன்னு ரெண்டு பேர் தனிமடல் போட்டுக் கேட்டிருந்தீங்க. அதுல ஒருத்தர் எங்க சித்தி. இன்னொருத்தருக்கு நன்றி :-)

வராததுக்குக் காரணம், வாரம் முழுக்க ஒரு ஆவணம் எழுதிக்கிட்டு இருந்தேன். ஆவணம்னா பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. நான் எழுதின ஒரு ஸ்கிரிப்ட் லினக்ஸ்ல எப்படி நடந்துக்கும், மேக்ல எப்படி, விண்டோஸ்ல எப்படின்னு சொல்ற ஒன்பது பக்கம். கேட்டாலே கொட்டாவி வரும்னு தெரியும். எழுதின எனக்கே வந்துச்சு. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதியிருக்க வேண்டிய ஒன்பது பக்கம் அது. எழுதாம விட்டதால ஒரு வீட்டுல மாமாவும் மருமகளும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசிக்கலை. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு: நான் ஜெர்மனியில கணினி மொழியியல் முதுகலை படிக்கிறேன். பகுதி நேரமா துறையிலேயே ஹிவி வேலை. ஹிவின்னா இங்க மாணவர் உதவியாளர். பேராசிரியர் காட்டுற ஆணியை மணிக்கணக்குக்குப் புடுங்கணும். எனக்கு வாய்ச்சது சொல் எண்ணுற ஆணி. ஒரு புத்தகத்தையோ கடிதக் கட்டையோ உள்ளே விட்டா, எந்தச் சொல் எத்தனை தடவை வருது, சராசரி சொல் நீளம் என்ன, ஒரு சொல் வர்ற வரிகள் எவைன்னு தனித்தனியாப் பிரிச்சுக் கொடுக்கும். அதை ஆக் மொழியில எழுதினேன்.

ஆக் பழைய ஆள். 1977ல பெல் ஆய்வகத்துல ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன்னு மூணு பேர் செஞ்சது. மூணு பேரோட தலையெழுத்தையும் சேர்த்துப் பேர் வச்சுட்டாங்க. இப்ப அது என் தலையெழுத்து. வரி வரியாப் படிக்கும், ஒவ்வொரு வரியையும் சொல் சொல்லா உடைக்கும், சொன்ன வேலையைச் செய்யும். அவ்வளவுதான். பைத்தான்ல ஒரு பக்கம் எழுத வேண்டியதை இதுல நாலு வரியில முடிச்சுடலாம். வெங்காயம் நறுக்க அரிவாள்மனை போதும்ங்கற கட்சி நான்.

சிக்கல் என்னன்னா, ஆக்ங்கறது ஒரே நிரல் இல்லை. அது ஒரு பேர்ப்பலகை. உள்ளே யார் உட்கார்ந்திருக்காங்கங்கறது பொட்டிக்குப் பொட்டி மாறும். என்னோட ஃபெடோரா மடிக்கணினியில இருக்கறது குனு திட்டத்தோட காக். (ஆமா, உச்சரிப்பு அப்படித்தான், காக்கா மாதிரி.) டெபியன், உபுண்டு போட்டீங்கன்னா அதோட வர்றது மாக். மேக்ல இருக்கறது கெர்னிகன் பராமரிக்கிற மூல ஆக்கோட வாரிசு. விண்டோஸ்ல யாருமே கிடையாது, நாமதான் கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே பேர்ல மூணு அல்வாக் கடை பார்த்திருப்பீங்களே, அது மாதிரி. பலகை ஒண்ணு, பக்குவம் வேற.

இதெல்லாம் எனக்கு அப்பவே அரைகுறையாத் தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ணேன்? ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொட்டியில மட்டும் ஓட்டிப் பார்த்துட்டு, விளக்கக் குறிப்போட கடைசி வரியில "எல்லாப் பொட்டியிலும் ஓடும்"னு எழுதிட்டுத் தூங்கப் போயிட்டேன். சொந்த செலவுல சூனியம்னு சொல்வாங்க. இது அடுத்தவங்க செலவுல நான் வச்ச சூனியம்.

இங்க இளங்கலை கடைசி வருஷம் படிக்கிற தங்கை ஒருத்தங்க இருக்காங்க. பெற்றோர் யாழ்ப்பாணம். இவங்க பிறந்து வளர்ந்தது எல்லாம் ஜெர்மனி. அவங்க அம்மம்மா 1986லேர்ந்து 1995 வரைக்கும் ஊர்ல இருந்து இங்க இருக்கிற மகளுக்கு எழுதின கடிதங்கள் ஐம்பத்தெட்டு, ஒரு பிஸ்கட் டின்னுல பத்திரமா இருக்கு. அதை வச்சு ஆய்வேடு. கேள்வி ரொம்ப அழகானது: அம்மம்மா எழுதும்போது எங்கெங்க பேச்சுத்தமிழுக்கு வழுக்குறாங்க? "இருக்கிறோம்"னு ஆரம்பிச்சவங்க எந்தக் கடிதத்துல, என்ன விஷயம் எழுதும்போது "இருக்கிறம்"க்கு மாறுறாங்க? நலம் விசாரிக்கும்போது ஏட்டுத்தமிழ், ஷெல் விழுந்ததைச் சொல்லும்போது பேச்சுத்தமிழ்ங்கற மாதிரி ஏதாவது ஒழுங்கு இருக்கா?

கடிதங்களைத் தட்டச்சு செஞ்சது அவங்க மாமா. அறுபது தாண்டினவர். வேலை முடிஞ்சு வந்து, தன்னோட விண்டோஸ் பொட்டியில, நோட்பேடைத் திறந்து வச்சுக்கிட்டு, தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா நாலு மாசம். அம்மம்மா முற்றுப்புள்ளி வைக்கிற வழக்கம் இல்லாதவங்க. அதனால மாமா ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரின்னு அடிச்சிருக்கார். தன் அம்மாவோட கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறது அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் கேட்கலை. கேட்கிற கேள்வியும் இல்லை.

முதல் மடல் இப்படி வந்துச்சு: "அண்ணா, உங்கட ஸ்கிரிப்ட் ஓடுது. ஆனா சராசரிச் சொல் நீளம் மூண்டு மடங்கு மாதிரிக் காட்டுது. நான் மூண்டால பிரிச்சுப் போட்டனான். பரவாயில்லைதானே?"

பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. அவங்க பொட்டி உபுண்டு. உள்ளே மாக்.

விஷயம் இதுதான். "தமிழ்"ங்கற சொல்லுக்கு எத்தனை எழுத்து? ஒண்ணாங் கிளாஸ் வாத்தியாரைக் கேட்டா மூணு. யூனிகோடைக் கேட்டா அஞ்சு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. வட்டுல எத்தனை பைட்டுன்னு கேட்டா பதினஞ்சு, யூ.டி.எஃப்-8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். காக்கிட்ட நீளம் கேட்டா, லொக்கேல் யூ.டி.எஃப்-8ஆ இருக்கிற வரைக்கும் 5ன்னு சொல்லும். மாக் 1.3.4 கிட்ட கேட்டா 15ன்னு சொல்லும், அதுக்கு பைட் மட்டும்தான் தெரியும். மூல ஆக்குக்கே யூனிகோடு 2022லதான் வந்துச்சு. கெர்னிகன் அதைச் சேர்த்தப்ப அவருக்கு எண்பது வயசு. நாமெல்லாம் முப்பதுல "இனிமே என்னத்தப் படிச்சு"ன்னு சலிச்சுக்கிறோம்.

மூணால வகுத்தது ரொம்ப புத்திசாலித்தனமான தப்பு. தமிழ் மட்டும் இருந்தா கணக்கு டாண்ணு வந்திருக்கும். ஆனா கடிதத்துல தேதி இருக்கு, விலாசம் இருக்கு, நடுவுல ஆங்கில எழுத்துலயே எழுதின "விசா"வும் "ஸ்பான்சரும்" இருக்கு. அதெல்லாம் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். அதையும் சேர்த்து மூணால வகுத்தா ஒன்பது எழுத்துச் சொல் மூணு எழுத்தாச் சுருங்கிடும். மொத்தமாத் தப்பா வர்ற எண்ணை எவனும் கண்டுபிடிச்சுடுவான். கிட்டத்தட்ட சரியா வர்றதுதான் ஆய்வேட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.

(கொசுறு: என் ஸ்கிரிப்ட் சொல்ற 5ம் தப்புதான். அதை நான் "எழுத்து"ன்னு எழுதி வச்சிருந்தேன். வாத்தியார் கணக்கு 3 வேணும்னா கொக்கி, கால், புள்ளியை எல்லாம் கழிச்சுட்டு எண்ணணும். அதையும் இப்பத்தான் திருத்தினேன். அவ்வ்வ்...)

நான் ரெண்டே வரியில பதில் போட்டேன்: "காக் நிறுவிக்கோம்மா. எல்லாம் சரியாயிடும்." எவ்வளவு சுருக்கமா முடிச்சுட்டோம்னு எனக்கே ஒரு பெருமை வேற.

அந்த "எல்லாம் சரியாயிடும்"தான் வினையாப் போச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் மடலே இல்லை. நான் என் பாட்டுக்குத் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் மதியம் மென்சாவுல தட்டை வச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்தாங்க. முகமே சரியில்லை.

"அண்ணா, அந்த வினைச்சொல் அதிகாரத்தை விட்டுட்டு வேற ஏதும் எழுதுவம் எண்டு யோசிக்கிறன்."

"ஏன்?"

"தரவு பிழை. 'இருக்கிறம்' ஒவ்வொரு கடிதத்திலயும் வருது. கண்ணால பாக்கிறன் அண்ணா, எண்ணினா இல்லை. பட்டியல்ல ஒரே சொல் ரெண்டு தரம் வேற வேற எண்ணிக்கையோட வருது. மாமா தட்டினதிலதான் ஏதோ பிழை."

அவங்க ஊகம் முட்டாள்தனமானது இல்லை. "றோ"வை யூனிகோடுல ரெண்டு விதமா அடிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாவும் போடலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாவும் போடலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், ஆக்குக்கு ரெண்டும் வேற வேற சொல். அதைப் பத்தி எங்கேயோ படிச்சுட்டு, மாமாவோட விசைப்பலகையில கோளாறுன்னு முடிவு கட்டியிருக்காங்க. ஐம்பத்தெட்டுக் கடிதத்தையும் மூலத்தோட வச்சு மறுபடி மெய்ப்புப் பார்த்திருக்காங்க. வித்தியாசம் பிடிபடலை. மாமாகிட்ட வேற விசைப்பலகை போட்டு மறுபடி அடிங்கன்னு கேட்டிருக்காங்க. அவரும் பாவம் இருபது கடிதம் திரும்ப அடிச்சிருக்கார், அதே பொட்டி, அதே நோட்பேடு. அதே கோளாறு திரும்ப வந்திருக்கு. "நான் பாத்துப் பாத்துத்தான் தட்டினனான். உனக்கு எண்ணத் தெரியாட்டி நான் என்ன செய்ய?"ன்னு அவர் சொல்ல, இவங்க பதிலுக்கு ஏதோ சொல்ல, போன் கட் ஆகி அன்னியோட பத்து நாள்.

சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு, அவங்க பொட்டியிலேயே ஒரு கடிதத்தை ஓ.டி. கட்டளைக்குள்ள விட்டேன். பைட்டை பைட்டாவே காட்டுற கட்டளை அது. ஒவ்வொரு வரி முடிவுலயும் 13, 10. 13, 10. 13, 10. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. உருளைக்கிழங்கு சூடு ஆறலை.

டைப்ரைட்டிங் லோயர் எழுதினவங்களுக்கு இது டக்னு புரியும். ஒரு வரி முடிஞ்சதும் இடது பக்க நெம்புகோலைப் பிடிச்சுத் தள்ளுவோமே, அதுல ரெண்டு காரியம் நடக்கும். உருளை வலது கோடிக்குப் போய் அடுத்த வரியோட முதல் எழுத்துக்குத் தயாராகும், காகிதம் ஒரு வரி மேலே ஏறும். தந்தி அச்சு இயந்திரங்கள்ல அது ரெண்டுக்கும் தனித்தனிக் குறி: வண்டியைத் திருப்புறது 13, வரியை ஏத்துறது 10. டாஸ் ரெண்டையும் வச்சுக்கிச்சு, அதுலேர்ந்து விண்டோஸும். யூனிக்ஸ் 10 மட்டும் போதும்னுடுச்சு. பழைய மேக் இருக்கே, ஒன்பதாவது பதிப்பு வரைக்கும் 13 மட்டும்தான். 2001ல வந்த மேக் ஓ.எஸ். பத்து, யூனிக்ஸ் வழிக்கு வந்து 10ஐ எடுத்துக்கிச்சு. காகிதமும் உருளையும் போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு, குறி மட்டும் போகலை.

லினக்ஸ்ல ஓடுற காக் 10ஐப் பார்த்ததும் வரி முடிஞ்சதுன்னு எடுத்துக்கும். 13? அது கடைசிச் சொல்லோட வாலாட்டம் ஒட்டிக்கும். இடைவெளியாவும் கணக்கில்லை, கண்ணுக்கும் தெரியாது. ஆக, வரி நடுவுல வர்ற "இருக்கிறம்" ஒரு சொல், வரிக் கடைசியில வால் ஒட்டின "இருக்கிறம்" இன்னொரு சொல்.

இப்பத்தான் வயித்தெரிச்சலான இடம். இங்கிலீஷ்ல இது நடந்திருந்தா வரிக் கடைசியில எந்தச் சொல்லு வேணா இருக்கும், சேதம் அங்கங்க சிதறியிருக்கும். தமிழ்ல வாக்கியம் எதுல முடியும்? வினைமுற்றுல. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரின்னு அடிச்சா, அந்த வால் ஒட்டுறது கிட்டத்தட்ட அத்தனையும் வினைமுற்றுதான். அவங்க எண்ண நினைச்சது எதுவோ குறிபார்த்து அது மட்டும் காணாமப் போயிருக்கு. "இருக்கிறம் எண்டு சொன்னவை"ங்கற மாதிரி வரி நடுவுல வந்தது மட்டும் தப்பிச்சிருக்கு.

இதுல என் பங்கு இன்னொண்ணு. ஸ்கிரிப்ட்டோட வெளியீட்டுல எண்ணிக்கையை முதல்ல போட்டு, சொல்லை அப்புறம் போட்டிருந்தேன். மாத்திப் போட்டிருந்தா, அந்த 13 முனையத்திரையில கர்சரை வரி ஆரம்பத்துக்கு இழுத்துட்டுப் போய் எண்ணைக் கண்ட இடத்துல துப்பியிருக்கும். முதல் நாளே "என்னடா இது"ன்னு கேட்டிருப்பாங்க. அழகா இருக்கட்டும்னு அடுக்கினதுல கோளாறும் அழகா ஒளிஞ்சுக்கிச்சு.

இன்னொரு கூத்து. மாமா அதே கோப்பைத் தன்னோட விண்டோஸ் பொட்டியிலேயே எண்ணியிருந்தா சரியா வந்திருக்கும். விண்டோஸ்ல ஓடுற காக், படிக்கும்போது 13, 10 ரெண்டையும் சத்தம் போடாம ஒண்ணாக்கிடும், எழுதும்போது திரும்ப ரெண்டாக்கிடும். வேண்டாம்னா நிறுத்த அதுக்குன்னே ஒரு மாறி இருக்கு, கையேட்டுல தெளிவாவே போட்டிருக்கு. கோப்பு பிறந்த ஊர் ஒண்ணு, வேலை பார்க்கிற ஊர் ஒண்ணுன்னு ஆனாத்தான் தகராறு.

அன்னிக்கு ராத்திரியே ஆவணத்தை ஆரம்பிச்சேன். முதல் வரைவு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. மூணு தலைப்பு: லினக்ஸ், மேக், விண்டோஸ். ஒவ்வொண்ணுக்கும் கீழே வேறுபாடுகள். பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு. தங்கைக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரே வரி பதில்:

"நான் லினக்ஸ் பகுதியை மட்டும்தான் வாசிச்சிருப்பன் அண்ணா."

பொளேர்னு ஒரு அறை. அவங்களுக்கு வேண்டிய பதிலை நான் விண்டோஸ் தலைப்புக்குக் கீழே வச்சிருந்தேன். அவங்ககிட்ட விண்டோஸே கிடையாது, அங்க ஏன் போறாங்க? தப்பு எங்கேன்னு ஏற்கனவே தெரிஞ்சவனுக்கு மட்டும் உதவுற ஆவணம் அது. அதாவது எனக்கு மட்டும்.

மூணு தலைப்பையும் தூக்கிட்டு, கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே தலைப்பாக்கினேன். "சராசரி நீளம் மூன்று மடங்காக வருகிறதா?" "ஒரே சொல் பட்டியலில் இரண்டு முறை வருகிறதா?" இப்படி. உள்ளே போனாத்தான் எந்தப் பொட்டி, எந்த ஆக், கோப்பு எங்க பிறந்துச்சு, லொக்கேல் என்னன்னு நாலையும் தனித்தனியாக் கேட்கும். இந்த நாலையும் சேர்த்துக் கட்டி "ஆபரேட்டிங் சிஸ்டம்"னு ஒரே பேர் வச்சதுதான் என் முதல் வரைவோட கோளாறு.

அடுத்தது, எதுக்கு எவ்வளவு இடம்? கத்துற வேறுபாடு ஒரு வகை. விண்டோஸ் கட்டளைத் திரையில ஒற்றை மேற்கோள் வேலைக்கு ஆகாது, இரட்டை மேற்கோள் போடணும். போடலைன்னா முதல் நிமிஷமே பிழைச்செய்தி வந்துடும். காக்ல மட்டும் இருக்கிற ஃபங்ஷனை மேக்ல கூப்பிட்டா அங்கேயே நின்னுடும். இதுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வரி போதும், பொட்டியே காட்டிக் கொடுத்துடுது. கத்தாத வகைதான் ஆளை முழுங்குறது. காக்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காதேன்னு சொல்ல ஒரு மாறி இருக்கு, அதை 1ன்னு வச்சாப் போதும். அதே வரியை மாக்கும் மேக் ஆக்கும் சந்தோஷமா ஏத்துக்கும். அதுங்களுக்கு அது ஏதோ ஒரு சாதா மாறி. "ஒண்ணா? சரி, ஒண்ணு"ன்னு வச்சுக்கிட்டு வழக்கம் போல பேதம் பார்த்துக்கிட்டே இருக்கும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, எண்ணிக்கை மட்டும் குறையும். இதுக்கு ஒரு முழுப் பக்கம்.

மேக் வச்சிருக்கிற ஜெர்மன் நண்பன் ஒருத்தன் மாட்டினது இன்னும் ருசியான கேஸ். ஜெர்மன்ல "எஸ்ஸன்"னு பெரிய எழுத்துல ஆரம்பிச்சா சாப்பாடு, பெயர்ச்சொல். சின்ன எழுத்துல ஆரம்பிச்சா சாப்பிடுறது, வினை. என் ஸ்கிரிப்ட் சொல்லுக்கு ஒரு கோப்பு திறந்து அந்தச் சொல் வர்ற வரியை எல்லாம் அதுல போடும். லினக்ஸ்ல ரெண்டு கோப்பு வரும். மேக்லயும் விண்டோஸ்லயும் வழக்கமான அமைப்புல கோப்புப் பேருக்குப் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, ரெண்டும் ஒரே கோப்பு. ஆக் அதை ரெண்டு பேர்ல ரெண்டு தடவை திறக்கும், ரெண்டு பக்கமும் முதல் வரியிலேர்ந்து ஒண்ணு மேல ஒண்ணு எழுதும். சாப்பாட்டு மேல சாப்பிடுறது. கடைசியில மிஞ்சுறது பாதி வரியும் முக்கா வரியுமா ஒரு கொத்துப் பரோட்டா. அவன் அதைத் தன் தரவுல இருந்த குப்பைன்னு நினைச்சுக் கையால துடைச்சுக்கிட்டு இருந்திருக்கான்! தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதுங்கறதால எனக்கு இது கனவுலயும் தோணலை.

தசமப் புள்ளி கதை தெரியுமோ? இங்க நாலு புள்ளி மூணு ரெண்டு ஒண்ணுன்னு எழுத 4,321ன்னு காற்புள்ளி போடுவாங்க. காக்கிட்ட அதோட ஒண்ணு கூட்டச் சொன்னா 5ன்னு சொல்லும், காற்புள்ளியோட அதுக்கு எண் முடிஞ்சுடுச்சு. அதையே போசிக்ஸ் தரப்படி நடன்னு சொல்லி, லொக்கேலையும் ஜெர்மனா வச்சா 5,321. காக் முன்னாடி ஒரு காலத்துல லொக்கேல் படியே நடந்து பார்த்துச்சு. புள்ளி போட்ட தரவு வச்சிருந்த வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சத்தம் போட, பழையபடி புள்ளிக்கே திரும்பிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு என்னைக் கேட்காதீங்க.

வரிசை பத்தியும் ரெண்டு பத்தி எழுத வேண்டி வந்துச்சு. பைட் வரிசையில அடுக்கினா "க்" வந்து "கௌ"வுக்கும் பின்னாடி போய் நிக்கும், "ற" வந்து "ல"வுக்கு முன்னாடி நுழைஞ்சுடும். அகராதி பார்த்துப் பழகினவங்க கண்ணுல அது உறுத்தும். உறுத்துறது நல்லதுதான், இது கத்துற வகை.

இதை எழுதும்போது காக் கையேட்டைத் திரும்பப் படிச்சேன். ஆர்னால்டு ராபின்ஸ் எழுதினது. இதுக்கு முன்னாடி தேவைப்பட்ட வரியை மட்டும் பிடுங்கிட்டு ஓடியிருக்கேன். இந்தத் தடவை உட்கார்ந்து படிச்சா, மனுஷன் ஆவணம் எழுதுறதை எவ்வளவு மதிச்சிருக்கார்னு தெரியுது. மத்த இடத்துல சரியாச் சொல்லப்படாத முடுக்குகள் வர்ற இடத்துல எல்லாம் பக்க ஓரத்துல ஒரு டார்ச் லைட் படம் போட்டிருக்கார். இருட்டு மூலை, பார்த்துப் போன்னு. அதையெல்லாம் சேர்த்துக் கடைசியில சொல்லடைவுல தனித் தலைப்பு வேற. காக் என்னென்ன பொட்டிகளைக் கைவிட்டுச்சுன்னும் ஒரு பட்டியல் இருக்கு. 2011ல 4.0 வந்தப்ப அமிகா, அடாரி, பீ.ஓ.எஸ்., கிரேன்னு ஒரு கூட்டத்தையே எடுத்துட்டாங்க. எடுத்ததைச் சொல்லாம விடலை, கல்வெட்டுல பொறிக்கிற மாதிரி பேரை வரிசையா எழுதி வச்சிருக்காங்க. நான் ஒத்தை வரியில எழுதின "எல்லாப் பொட்டியிலும் ஓடும்" ஞாபகம் வந்து காது சூடாயிடுச்சு.

பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கேட்பீங்க: ஆவணம் எதுக்கு, ஸ்கிரிப்ட்டையே சரி பண்ணிட வேண்டியதுதானே? பண்ணிட்டேன், முடிஞ்ச வரைக்கும். ஒவ்வொரு வரியையும் வாங்கினதும் கடைசியில 13 இருந்தா வெட்டிடும். ஆரம்பிக்கும்போதே "தமிழ்"க்கு நீளம் பார்க்கும், 5 வரலைன்னா காரணத்தைச் சொல்லிட்டு நின்னுடும், தப்பான எண்ணைக் கொடுக்காது. ஆனா மேக்கோட கோப்புப் பேர்ப் பழக்கத்தை நான் மாத்த முடியாது. அதைவிட முக்கியமா, இந்த ரெண்டு வருஷத்துல இதை வச்சு எடுத்த எண்கள் ஏற்கனவே யார் யார் ஆய்வேட்டுலயோ போய் உட்கார்ந்தாச்சு. அவங்களுக்குப் புது ஸ்கிரிப்ட் பிரயோஜனம் இல்லை. பழைய எண்ணுல எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு சொல்ற பக்கம்தான் வேணும். ஸ்கிரிப்ட் வாங்கிட்டுப் போன பதினோரு பேருக்கும் மடல் போட்டேன். நாலு பேர் பதில் போட்டிருக்காங்க. ஒருத்தர் போன வருஷமே பட்டம் வாங்கிட்டுப் போயிட்டார். அவர் பதிலை நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் கலக்கமா இருக்கு.

தங்கை அதிகாரத்தை விடலை. வாலை வெட்டிட்டு எண்ணினதும் "இருக்கிறம்" கொத்துக் கொத்தா வெளிய வந்துச்சு. என்ன ஒழுங்கு தெரிஞ்சுதுங்கறதை அவங்க ஆய்வேட்டுலேயே படிச்சுக்கோங்க, அதை நான் இங்க போட்டு உடைக்கக் கூடாது.

அன்னிக்குச் சாயங்காலமே மாமாவுக்குப் போன் பண்ணி, 13ம் 10ம் பத்தி எல்லாம் விளக்கியிருக்காங்க. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானாம்: "அப்ப நான் தட்டினது சரிதானே?"

"ஓம் மாமா, சரி."

"ம்."

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு இடியாப்பம் வந்திருக்கு. எனக்கும் ஒரு பொதி கொடுத்து விட்டிருந்தாங்க. வாங்கிக்க எனக்கு யோக்கியதை இல்லைன்னு தெரிஞ்சும் வாங்கிக்கிட்டேன், சொதியோட.

ஆவணத்துல "ஒரே சொல் பட்டியலில் இரண்டு முறை வருகிறதா?"ங்கற தலைப்புக்குக் கீழே முதல் வரியா இப்ப இது இருக்கு: "தட்டச்சு செய்தவரைக் குறை சொல்வதற்கு முன் வரி முடிவைப் பாருங்கள்." ஆவணத்துக்கு இந்தத் தொனி பொருந்தலையேன்னு பேராசிரியர் எடுக்கச் சொன்னார். இதை மட்டும் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

டிஸ்கி: உங்க பொட்டியில ஆக் இருந்தா "தமிழ்"க்கு நீளம் கேட்டுப் பாருங்க. 5 வருதா, 15 வருதான்னு எந்தப் பொட்டி, எந்தப் பதிப்புங்கற விவரத்தோட பின்னூட்டத்துல போடுங்க. ஆவணத்துல இன்னும் ரெண்டு பக்கம் காலியா வச்சிருக்கேன். 3ன்னு யாருக்காவது வந்தா உடனே சொல்லுங்க, நேர்ல வந்து உங்க பொட்டியைப் பார்க்கிறேன் :-)